உப்புக்காற்று படாமல் வைத்த கார்டு

ராசா,

நீ சென்னை ரயில் ஏறி இரண்டு நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலத்தீவுக்கு விமானம் என்று சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். முப்பத்தோரு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவளுக்குத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒன்றைச் சொன்ன மாதிரி இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உனக்கு முந்திரி மக்ரூன் டப்பாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாய். "ம்மா, ஒரு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க" என்று ஆரம்பித்தாய். நம் நாட்டுக் கார்டு மாலத்தீவில் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது என்று நாலு பேர் கையெழுத்திட வேண்டும், அதில் நீ ஒருவன். பெரிய ஹோட்டல்களிலும் விமான நிலையத்திலும் ஏ.டி.எம்.களிலும் சிக்கல் இல்லை. துறைமுகத்துப் பக்கம் சின்னக் கடைகளில் சோதித்தபோது பாதிக்கு மேல் செல்லவில்லை. "அங்க உள்ள மெஷினுக்கு நம்ம கார்டு நம்பரை இன்னும் அடையாளம் தெரியலம்மா. தொடக்க விழா முடிஞ்சு சரி பண்ணிக்கிடலாம், அதுக்கு முந்தி கையெழுத்தப் போடுங்காரு எங்க மேலதிகாரி. மத்த மூணு பேரும் போட்டுட்டாங்க. நான் என்ன செய்ய?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் போட்டாச்சுன்னா நீயும் போட்டுட்டுப் போயேன்ல. தனியா நின்னு என்னத்தக் கிழிக்கப் போற?" என்றேன். நீ 'சரிம்மா' என்று ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாய். போகும்போது உன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி எனக்குத் தெரிந்த நிம்மதி. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

நான் வேலையில் சேர்ந்து பல வருஷம் வரை கார்டு என்பது பெரிய மனிதர்கள் சமாச்சாரம். துறைமுக ஏஜெண்டுகள், உப்பு முதலாளிகள், மொத்த வியாபாரிகள், அவ்வளவு பேரிடம்தான் இருக்கும். எல்லாக் கார்டிலும் வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர். இங்கே ஒருவர் துணிக்கடையில் தேய்த்தால், கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அந்தக் கம்பெனியின் வழியாகப் போய்த்தான் திரும்பி வரும். பிறகு நம் நாட்டுக்கென்றே ஒரு கார்டு வந்தது. பயிற்சி வகுப்பில் அதிகாரி அதைத் தூக்கிக் காட்டி, "இனிமே நம்ம ஊர்க் கேள்விக்கு நம்ம நாட்டிலேயே பதில்" என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் அந்தப் பெருமை குறையவில்லை. நம் ஊர் வெங்காயமும் செங்கல்லும் சரக்குத் தோணியில் போய்ச் சேர்கிற தீவுக்கு நம் நாட்டுக் கார்டும் போகிறது, அதைக் கொண்டுபோகிறவர்களில் என் மகனும் ஒருவன் என்று நான் கோயிலில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று. உங்கப்பாதான், "போதும்ளா, பாஸ்டருக்கே காது புளிச்சிருக்கும்" என்று கேலி செய்தார்.

கையில் பணமே இல்லாதவர்களுக்கும் கணக்குத் தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வராமல் அலைந்தேன் என்று நீ கோபித்துக்கொண்டாய். முத்தையாபுரத்தில் உப்பளத் தொழிலாளிகளுக்கு ஒரு முகாம், திரேஸ்புரத்தில் கடல் தொழிலாளிகளுக்கு ஒரு முகாம். பந்தல் போட்டு, மேசை போட்டு, பெட்டி பெட்டியாகக் கார்டு. நம் ஊர் உப்புக்காற்று பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் கிளையில் கோப்புக்குப் போட்ட குண்டூசி ஆறு மாதத்தில் துருவாகி உதிரும். கார்டை இடுப்பில் முடிந்துகொண்டு படகில் போனவர்கள், கார்டின் முதுகில் இருக்கிற கறுப்புப் பட்டை உப்பில் அரித்துப்போக, வந்து நிற்பார்கள். மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பம், அதற்கு ஒரு பதிவேடு, அதற்கு ஒரு சத்தம். அந்தத் தொல்லை தாங்காமல் நானே ஒரு வாசகம் கண்டுபிடித்தேன். "உப்புக்காத்து படாம வீட்டுப் பெட்டியில பத்திரமா வையுங்க." கார்டை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். அவர்களுக்கும் புரிந்தது, வரிசையும் சீக்கிரம் நகர்ந்தது. கிளை மேலாளர்கூட மெச்சினார்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் சூசை. சங்கு குளிக்கிறவர். மூச்சைப் பிடித்துப் பிடித்து நெஞ்சு அகன்ற ஆள். பக்கத்தில் அவர் மனைவி ரோஸ்லின் நின்றாள். சூசை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன மேடம் செய்ய?" என்று கேட்டார். பணம் எடுக்கலாம், கடையில் சாமான் வாங்கலாம், விபத்தில் ஏதும் ஆனால் குடும்பத்துக்குக் காப்பீடும் உண்டு என்றேன். "அப்ப உசுருக்குச் சமானம்னு சொல்லுங்க" என்று சிரித்தார். "ஆமா, அதான் உப்புக்காத்து படாம வையுங்கங்கேன்" என்று நானும் சிரித்தேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. விபத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களுக்குள் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருந்தால்தான் காப்பீடு கிடைக்கும். சுற்றறிக்கையில் அது தெளிவாக இருந்தது. சுற்றறிக்கை எங்கள் கிளையில் மேசை மேசையாக வரும், படித்தோம் என்று ஓரத்தில் எல்லாரும் சுருக்கொப்பம் போடுவோம். நானும் போட்டேன், படிக்கவில்லை. அது போதாதென்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: விதிகளை வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் விளக்கினேன். அதன் கீழே ஊழியர் கையெழுத்து. சாயங்காலம் டீ வந்த பிறகு கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு, ஒருவர் தாளைப் புரட்ட நான் போட்டுக்கொண்டே போவேன். முதல் நாள் கொஞ்சம் தயங்கினேன். "எல்லாரும் போட்டாச்சு, நீங்களும் போட்டுருங்க மேடம்" என்றார் மேலாளர். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து சூசை இறந்துபோனார். கடலில் இல்லை. முத்தையாபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது உப்பு லாரி மோதிவிட்டது. துக்கம் முடிந்து ரோஸ்லின் என் கவுண்ட்டருக்கு வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். மூன்று பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றின் வாயிலும் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். படகில் தீப்பெட்டி நனையாமல் இருக்க அவர்கள் கட்டுகிற கட்டு அது. பிரித்தால் உள்ளே கார்டு, நான் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே மினுமினுவென்று. பின் நம்பர் கவர்கூடக் கிழிக்கப்படவில்லை. "நீங்க சொன்னபடியே வச்சிருந்தாவ மேடம். ஒருநாள்கூட வெளிய எடுக்கல" என்றாள். காப்பீட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று பார்க்க, அன்றைக்குத்தான் நான் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. கார்டு பயன்படுத்தப்படவே இல்லை என்பது காரணம். ரோஸ்லின் அழவில்லை. "இத அப்பவே சொல்லியிருந்தா மாசம் ஒரு தடவ நூறு ரூவா எடுத்திருப்பாவல்லா" என்று மட்டும் கேட்டாள். பங்குச்சாமியார் சொல்லி ஒரு மேல்முறையீடு எழுதினாள், இந்த விதியை என் கணவரிடம் யாரும் சொல்லவில்லை என்று. பதில் எழுத வேண்டியது எங்கள் கிளை. மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். சூசையின் விண்ணப்பம் மேசைமேல் இருந்தது, கடைசி வரியும் என் கையெழுத்தும் தெரிய. கெட்ட மனிதர் இல்லை அவர். "மேடம், விளக்கலன்னு நீங்க எழுதிக் குடுத்தா அந்தம்மாவுக்கு ஒரு வழி பொறக்கலாம். உங்களுக்கு மெமோ வரும். பிரமோஷன் இன்டர்வியூ வேற அடுத்த மாசம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான வரி. உடனே, நின்ற இடத்திலேயே, "நான் விளக்கினேன் சார்" என்றேன். விண்ணப்பத்தின் நகல் மேலே போனது. வாடிக்கையாளருக்கு விதி விளக்கப்பட்டதற்குக் கையெழுத்து ஆதாரம் இருக்கிறது என்று மேல்முறையீட்டை மூடினார்கள். நான் படிக்காமல் போட்ட கையெழுத்து ஒரு தப்பு. அதைக் காப்பாற்றச் சொன்ன மூன்று சொல் தப்பு இல்லை, பொய்.

அப்போது நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். உன் படிப்புச் செலவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அதையும் திருத்திக்கொள்கிறேன். உங்கப்பா வாத்தியார் சம்பளத்தில் உன் படிப்பு நடந்திருக்கும். ஒரு மெமோவால் நம் வீட்டில் அடுப்பு அணைந்திருக்காது. எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு உன் பெயரை முட்டுக் கொடுத்தேன். பிரமோஷன் கிடைத்தது. நம் கூடத்தில் மாலையோடு நான் நிற்கிற படம் இருக்கிறதே, அது அந்த நாளில் எடுத்தது. நீ விடுதியிலிருந்து போன் பண்ணி, "எங்கம்மா ஆபீசர்லா" என்று கத்தினாய். அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக ஓர் அடையாளம் தெரிகிறது, நீ வந்தால் கேட்பாய் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

ரோஸ்லின் இறால் கம்பெனியில் தோலுரிக்கப் போனாள். மகன் எட்வினை வளர்த்தாள். அதற்கப்புறம் மாதம் தவறாமல் எங்கள் கிளை வாசலில் இருக்கிற ஏ.டி.எம்.முக்கு வருவாள். தனியாக இல்லை, தெருவில் இருக்கிற ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு. ஆளுக்கு நூறு ரூபாய் எடுப்பார்கள். 'கார்டு உசுரோட இருக்கணும்லா' என்று அவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது கண்ணாடிக் கதவு வழியாக எனக்குக் கேட்கும். நான் ஓய்வு பெறும்வரை கேட்டது. நான் செய்ய வேண்டிய வேலையை அவள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது உன் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பெரிய ஹோட்டலில் தங்குகிறவரின் பையில் இன்னும் நாலு கார்டு இருக்கும். ஒன்று செல்லாவிட்டால் அடுத்ததை நீட்டுவார், அவருக்கு அது ஒரு நிமிஷத்து எரிச்சல். தோணியில் போய் இறங்குகிறவனிடம் இந்த ஒரு கார்டுதான். செல்லும் என்று நீங்கள் சொன்னதை நம்பி ரொக்கத்தைக் குறைத்துக்கொண்டு போயிருப்பான். உங்கள் சோதனையில் செல்லாமல் போனதெல்லாம் அவன் நுழையக்கூடிய கடைகள். பாதிக்கு மேல் செல்லவில்லை என்றால் பாதிக்கு மேல் செல்லவில்லை என்று எழுது. எந்தத் தெருவில் செல்லாது என்று எழுது. அதனால் விழா நின்றுவிடாது. நின்றாலும் உனக்கென்ன, நீ மாப்பிள்ளையா?

இதுவரை எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். ஒட்டிய பிறகு கை ஓடவில்லை. உன்னிடம் ஒத்துக்கொள்வது எனக்குச் சுலபம். நீ என் மகன், ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துவிட்டு அப்புறம் சாப்பிட்டியாம்மா என்று கேட்பாய். சொல்ல வேண்டிய இடம் வேறு. உங்கப்பா, "கூரியருக்கா?" என்றார். "திரேஸ்புரத்துக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரு கடிதம் வாசிக்கணும், கேட்பியா என்றேன். "வாசிங்க மேடம், கை வேலையா இருந்தாலும் காது சும்மாத்தான் இருக்கு" என்றாள். உறையைக் கிழித்து முதலிலிருந்து வாசித்தேன். மக்ரூன் இடத்தில் சிரித்தாள். சூசை சிரித்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன், "ம், வாசிங்க" என்றாள். 'நான் விளக்கினேன் சார்' என்ற இடம் வந்தபோது மீன் சட்டிக்குள் அவள் கை நின்றுவிட்டது.

அவள் என்னை வைது தீர்ப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். வையவில்லை. மீன் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க சொல்லியிருப்பிய, அவியதான் காதுல வாங்காம விட்டுட்டாவன்னு நெனச்சேன் மேடம். பேங்க்ல கையெழுத்தே இருக்குன்னு கடுதாசி வந்துச்சுல்லா. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோவும்போதெல்லாம் அவியள ஏசிட்டுத்தான் ஏத்துவேன். ஒரு வார்த்த கவனிச்சுக் கேக்க உமக்கு என்ன கேடுன்னு. பத்து வருசமா ஏசியிருக்கேன்." அதன் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். காப்பீட்டுப் பணம் போனது மட்டும்தான் நான் செய்த கேடு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், ராசா. செத்துப்போன மனுஷன்மேல் ஒரு பழியைத் தூக்கி வைத்து, அதை அவன் பெண்டாட்டி வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்து எதுவரைக்கும் போகும் என்பது அதைப் போடுகிறவருக்குத் தெரிவதே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லின் இரண்டு விஷயம் கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் விஷயம், "இத அப்படியே எனக்கும் ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியளா? நான் பங்குச்சாமியார்ட்ட காட்டுவேன், பேங்க்லயும் குடுப்பேன், எல்லாரும் படிக்கட்டும்." தருகிறேன் என்றேன். அதனால் இது இனிமேல் உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. உங்கப்பா, பென்ஷனில் கை வைப்பார்களோ என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். இருக்கட்டும், போன தடவை பயந்ததற்கே இன்னும் விலை முடியவில்லை.

இரண்டாவது, எட்வின் இப்போது தோணியில் வேலை பார்க்கிறான். வருகிற வாரம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறானாம். "அங்க நம்ம கார்டு செல்லும்னு சொல்லுதாவ. அவங்கிட்டயும் இந்தக் கார்டுதான் இருக்கு. உங்க மகன் அந்த வேலதான பாக்காவ, துறைமுகத்துல பாதிக்கு மேல செல்லலன்னு வாசிச்சியள, இவன் போறதுக்குள்ள நெசமாவே செல்லுமா மேடம்?"

"எம் மவன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கியதும் விழா நடக்கிற ஹோட்டலுக்கு முதலில் போகாதே. துறைமுகத்துக்குப் போ. சின்னதாக ஒரு கடையைப் பார்த்து, தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்து, உன் கார்டை நீட்டிப் பார். பக்கத்துக் கடையிலும் பார். அப்புறம் பேனாவை எடு. நீ என்ன எழுதுகிறாயோ அதைத்தான் நான் ரோஸ்லினிடம் போய்ச் சொல்வேன். அவள் அதைத்தான் எட்வினிடம் சொல்வாள். அவன் அதை நம்பித்தான் தோணி ஏறுவான்.

ரோஸ்லினுக்காக எழுதிய பிரதியில் என் முழுப்பெயரும் பழைய ஊழியர் எண்ணும் இருக்கிறது. உனக்கு அது வேண்டாம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா